மிதவைகளுக்கு இப்பால்

மூச்சை அடக்கியபடி அவள் பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

தண்ணீருக்கடியில் காலை வெயில் நூல் நூலாக இறங்கியது. பாறையில் பாசி ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்தது. அவளும் அதோடு சாய்ந்தாள்.

பாறைக்கு அப்பால் மணல். மணலில் கடற்புல்.

புல்லின்மேல் ஒரு நிழல் நகர்ந்தது.

படகின் நிழல் என்றுதான் நினைத்தாள். பிறகு அந்த நிழல் புல்லை மேய்ந்தது.

ஆவுளியா. கரையில் நட்டிருக்கும் வனத்துறைப் பலகையில் கடல்பசு என்று எழுதியிருக்கும்.

அதற்கு அவசரமே இல்லை. மேய்ந்த இடத்தில் மணல் புழுதிபோல எழும்பி, மெல்ல அடங்கியது. அடங்கியபோது, அதன் துடுப்புக்குக் கீழே இன்னொன்று ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. வெளிறிய நிறம்.

தாய் மேய்வதை நிறுத்திவிட்டு அசையாமல் மிதந்தது. குட்டி பால் குடித்தது.

சின்ன வயதில் ஒரு கல்யாண வீட்டில் அவள் ஆவுளியாக் கறி தின்றிருக்கிறாள். அந்த ருசி இப்போது நாக்கில் வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

தாய் அவளைப் பார்த்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அத்தனை சின்னக் கண்.

இருவருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு முடிந்தது. அவள் மேலே வந்தபோது, பத்தடி தள்ளி ‘புஸ்’ என்று ஒரு சத்தம்.

பிறகு வெறும் கடல்.

சற்று நேரத்தில் வனத்துறைப் படகு வந்தது.

“அக்கா, இந்தப் பக்கம் ஆவுளியா ஏதும் தட்டுப்பட்டுச்சா?”

காவலர் எப்போதும் கேட்பதுதான். நல்ல மனுஷர். வெயில் நேரத்தில் குடிதண்ணீர்கூடக் கொடுப்பார்.

அவருக்குப் பின்னால், பக்கத்துத் தீவைச் சுற்றி வனத்துறை போட்ட சிவப்பு மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன. அவை வருவதற்கு முன் பெண்கள் தீவில் ஏறி உட்கார்ந்துதான் கஞ்சி குடிப்பார்கள். இப்போது கால் வைத்தால் வழக்கு. படகில் வரும் பன்னிரண்டு பெண்களுக்கும் நல்ல பாசி மிஞ்சியிருப்பது இந்தப் பாறைத் திட்டில்தான்.

பார்த்தேன் என்றால், மிதவை இங்கேயும் வரும்.

“இல்ல சார்.”

அன்று முழுக்க அந்தச் சத்தம் காதில் இருந்தது. பாசியை மணலில் பரப்பும்போது. உலை கொதிக்கும்போது. பக்கத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல.

மறுநாள், படகு திட்டை நெருங்குவதற்கு முன்பே அவள் படகோட்டியிடம் சொன்னாள்.

“கெழக்க போவோம்ணே.”

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிழக்கே நீரோட்டம் இழுக்கும். பாறை கையைக் கிழிக்கும். பாசியும் சொற்பம்.

“என்ன பஞ்சவர்ணம், தூக்கக் கலக்கமா?” என்றாள் ஒருத்தி.

அவள் கண் திட்டின் பக்கமே போனது.

அருகில் இருந்த நம்புத்தாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாகக் கூடவே முங்குகிறவள். தோளில் சாய்ந்து, காதோரம் கேட்டாள்.

“குட்டியும் இருக்கா?”

அவள் தலையசைத்தாள்.

நம்புத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“திட்டுல சொறிமீனாக் கெடக்குதாம்டி. பட்டா ஒடம்பு தடிச்சுப் போகும். எத்தன நாளைக்குன்னு தெரியல. நீ கெழக்க விடுண்ணே.”

படகு திரும்பியது.

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே விரல்களில் துணி சுற்றத் தொடங்கினார்கள், வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாக.