பழுதில்லாத எஞ்சின்

எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தேர்வுத் தாளில் தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யவும், நேரம் நாற்பது நிமிடம்.

அணைத்தாள். மூச்சை இழுத்து விட்டுவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி, முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டு ஓடியது.

பக்கத்து மேடையில் ஒருவன் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். அவனுடைய எஞ்சின் முக்கியதே தவிர எழுந்திருக்கவில்லை. அதைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

டீசல் மெக்கானிக் பயிற்சியில் அவள்தான் மூத்தவள். நாற்பது வயது, எல்லோருக்கும் அக்கா. முதல் தடவை செய்முறைத் தேர்வில் பழுதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாம் தடவை கண்டுபிடித்தாள். ஸ்பேனரை வைத்துத் திருகுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மூன்று தடவைக்கு மேல் யாரையும் எழுத விட மாட்டார்கள். இது மூன்றாவது.

அண்ணனுடைய பட்டறையில் ஐந்து வருடமாகப் பாகங்களைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். எஞ்சினைப் பிரிக்கக் கேட்டால், சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வா என்பான். அண்ணன் சொன்னால் சொன்னதுதான்.

பேட்டரியைப் பார்த்தாள். நன்றாக இருந்தது. டாங்கியில் டீசல் இருந்தது. வடிகட்டியில் அடைப்பு இல்லை, குழாயில் காற்று இல்லை. ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

ஒருவேளை சூடானால் நின்றுவிடுமோ? ஐந்து நிமிடம் ஓடவிட்டாள். நிற்கவில்லை. புகையாவது கறுப்பாக வரக்கூடாதா என்று வேண்டிக்கொண்டாள். அதுவும் வரவில்லை. நோயே இல்லாதவனுக்கு எந்த மருந்தை எழுதுவது?

இதுவே ஒரு சூழ்ச்சியோ என்று தோன்றியது. 'பழுது இல்லை' என்று எழுதுவதுதான் சரியான விடையோ? அப்படி எழுதி, எங்கேயாவது ஒரு பழுது ஒளிந்திருந்தால்? இருக்கிற ஒரு வாய்ப்பும் போய்விடும். அவளே எதையாவது தளர்த்திவிட்டு, இதோ கண்டுபிடித்தேன் என்று காட்டிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தாள். யோசித்ததற்கே வெட்கமாக இருந்தது.

இன்னும் பதினோரு நிமிடம். தலை சுற்றியது. இதற்குமேல் தாங்காது என்று கையைத் தூக்கிவிட்டாள்.

தேர்வாளர் வந்தார். ஓய்வுபெற நான்கு மாதம் இருக்கிற மனிதர். போன மாதம் இரண்டு வகுப்புகளின் விடைத்தாள்களை மாற்றிக் கட்டிவிட்டு, அலுவலகத்தில் எல்லோர் வாயிலும் விழுந்து எழுந்தவர். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது. அவருடைய முகம் தொங்கிப்போனது.

குனிந்து டீசல் பம்பின் தலையைத் தொட்டார். அங்கே வந்து சேர்கிற ஒயரில் கரண்ட் வந்தால்தான் பம்ப் டீசலை விடும். அதைப் பிடித்திருக்கிற சின்ன நட்டை விரலால் திருகிப் பார்த்தார். அசையவில்லை.

“காலைல நான்தானே இதைக் கழட்டி விட்டேன்... விடலையோ? எனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சும்மா. என் தப்பு, நீங்க பாஸ்னு போட்டுடறேன்.”

பேனாவை எடுத்தார். அவளுக்கு உள்ளே ஏதோ பொங்கியது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. அண்ணனின் முகத்தைக்கூட நினைத்துப் பார்த்துவிட்டாள்.

ஆனால் அவர் அந்த நட்டைவிட்டு விரலை எடுக்கவில்லை. பேனா தாளில் நிற்க, விரல் நட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. பாவம், காலையில் செய்ததை நினைவுக்குக் கொண்டுவரப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். அவளும் அந்த நட்டையே பார்த்தாள். அவளுடைய விரல்களும் காற்றில் அதேபோல் திருகிப் பார்த்தன.

பட்டறையில் கழுவுவதோடு அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெளியே போகிற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, தளர்ந்த நட்டுகளை இறுக்குவது. ஐந்து வருடத்தில் அதைச் செய்ய மூளை தேவைப்படாமல் போய்விட்டது. மணி அடிக்கும்வரை எஞ்சினைத் தொடக் கூடாது, தொட்டால் தேர்வு ரத்து என்று அவர் வாசலில் நின்று விதிகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, அவள் இந்த எஞ்சினின் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே, தொங்கிய ஒயரை எடுத்து மாட்டி, நட்டை விரலால் திருகி, எட்டாம் நம்பர் ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கியும் விட்டிருந்தாள்.

“உங்களுக்கு மறதி இல்ல சார். நான்தான் மாட்டிட்டேன். மணி அடிக்கறதுக்கு முன்னாடியே.”

மூன்றாவது தடவையும் போயிற்று.

தேர்வாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நட்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மாதக் கணக்கில் சுமந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி அவருடைய தோள்கள் தளர்ந்தன. எதையும் எழுதாமல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“கடைசி மேடையில பழுது வெச்ச ஒரு எஞ்சின் சும்மா இருக்கு, அங்க போய் நில்லுங்க. போகும்போது கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் போங்க.”

வழியில் ஏழு எஞ்சின்கள் இருந்தன.