நேரடி ஆர்டர்

"சத்தமாவே பேசுங்க. அவருக்குத் தமிழ் புரியாது. நான் இங்கிலீஷ்ல சொல்லிக்கிறேன்" என்றாள் விஜயகுமாரி.

சசிகுமார் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து அறையில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பத்து வருடமாக எக்ஸ்போர்ட்டர் ஈஸ்வரமூர்த்தி அனுப்பும் துணியைப் பனியனாகத் தைத்துக் கொடுத்துத்தான் பிழைப்பு. வெளிநாட்டிலிருந்து நேரடியாக ஆர்டர் பிடிக்கலாம் என்று மனைவி விஜயகுமாரி நச்சரித்து பிராட்பேண்ட் இழுத்தாள், வெப்சைட் போட்டாள். அதைப் பார்த்து லண்டனிலிருந்து பீட்டர் என்று பனியன் வாங்கும் பையர் ஒருவர் மெயில் அனுப்பினார். இன்று கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் அவரே பேசுகிறார்.

"ஈஸ்வரமூர்த்தி அண்ணனுக்குத் தெரிஞ்சா நாளைக்கே துணி அனுப்பறதை நிறுத்திருவாரு விஜயா. டெய்லருங்க அத்தனை பேரும் நடுத்தெருவுலதான்."

"இப்படியே பயந்துட்டு இருந்தீங்கன்னா காலத்துக்கும் அவருக்கே தெச்சுட்டு இருக்க வேண்டியதுதானுங்க."

ஸ்பீக்கர் கரகரத்தது. விஜயகுமாரி கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"இப்ப யாருக்குத் தெக்கறீங்க, அவரை விட்டுட்டு வருவீங்களான்னு கேக்கறாருங்க."

சசிகுமார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "வருவேன்னு சொல்லு. ஈஸ்வரமூர்த்தி ரிஜெக்ட் ஆன பீஸை நல்ல பீஸோட கலந்து அனுப்பற ஆளுன்னும் சொல்லு."

"அதெல்லாம் எதுக்குங்க?"

"சொல்லு புள்ள. அப்பத்தான் நம்மளை நம்புவாரு."

அவள் சொன்னாள். "வெரி குட்" என்றது குரல். சசிகுமாருக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"பாத்தியா? வெள்ளைக்காரனே மடங்கிட்டான்!"

சட்டென்று தையல் மெஷின்கள் நின்றன. மின்விசிறி நின்றது. வழக்கமான மின்வெட்டு. யு.பி.எஸ். தயவில் கம்ப்யூட்டர் மட்டும் உயிரோடு இருந்தது.

"லைன் கட்டாகலீங்க" என்றாள் விஜயகுமாரி.

கட்டாகவில்லைதான். ஆனால் பீட்டர் பேசவில்லை. அவருக்குப் பின்னாலிருந்து வேறொரு குரல் வந்தது. பத்து வருடமாக சசிகுமார் தினமும் கேட்கிற குரல்.

"கரண்டு போயிருச்சு பாரு, யாராச்சும் ஜெனரேட்டரைப் போடுங்கப்பா. மாப்ளே, நீ நிறுத்தாதே. வெள்ளைக்காரனாட்டவே பேசு. நம்ம சசி இன்னும் என்னென்ன சொல்றான்னு கேட்டுருவோம்."