படுத்துக் கிடக்கும் நீலக் கோடு

இரண்டு கோடுகளில் ஒன்று மட்டும் ஏன் படுத்துக் கிடக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. திரையில் சிவப்புக் கோடு அவள் நாட்டினுடையது, நீலம் பக்கத்து நாட்டினுடையது. ஓய்வு பெற்றவர்களுக்குச் சாகும்வரை கொடுக்க வேண்டிய பென்ஷனுக்காக இன்றே ஒதுக்கி வைத்தாக வேண்டிய தொகைதான் இப்படிக் கோடாக வளர்கிறது. சம்பளம் உயர்ந்தால் ஏறும், வட்டி குறைந்தால் ஏறும், ஆட்கள் நெடுநாள் வாழ்ந்தாலும் ஏறும். சம்பளமும் வட்டியும் இரு நாட்டிலும் அச்சு அசலாக ஒன்றே. ஆனாலும் சிவப்பு மலையேறுகிறது, நீலம் சில ஆண்டுகளாகத் தரையோடு ஊர்கிறது. மாலை வெயில் கண்ணாடித் தடுப்பில் சாய்ந்து விழுகிறது. தடுப்புக்கு அப்பால், பார்வையாளர் நாற்காலியில் அவள் அப்பா. அவள் வேலை பார்க்கும் இந்தப் பென்ஷன் நிதியில்தான் அவரும் பென்ஷன் வாங்குகிறார். இங்கே தரும் இலவச மருந்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடியே மகளைப் பார்த்துக் கையாட்டுகிறார். மேலதிகாரி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.

“உங்கப்பாவாம்மா? கல்லு மாதிரி இருக்காரே! இவரை மாதிரி ஆளுங்க கிளம்பாம உக்காந்திருந்தா கோடு எப்படி இறங்கும்?” சிரிப்பில் அவர் கையிலிருக்கும் தேநீர் தளும்புகிறது. வேலை போய்விடக் கூடாதே என்று அவளும் சிரித்து வைக்கிறாள். “நாளைக்கு போர்டு கேக்கும். பக்கத்து நாட்டுக்காரங்க என்னதான் செஞ்சாங்க?”

அப்பா ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீர் இல்லாமலே விழுங்குகிறார். அவள் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிடுகின்றன. அவள் இன்னும் ஒப்பிடாதது ஆயுள் ஒன்றுதான். பக்கத்து நாட்டின் இறப்புக் கணக்கையும் மருந்துச் செலவையும் திரையில் திறந்து பார்க்கிறாள்.

“புரிஞ்சிடுச்சு சார். நீலம் படுத்த வருஷம்தான் அங்க பென்ஷன்காரங்களுக்கு இலவச மருந்தை நிறுத்தினாங்க. சீக்கிரமே செத்துடறாங்க. நாமளும் நிறுத்தினா நம்ம கோடும் இறங்கிடும்.”