பொங்காத மாவு

தயாளன் ஞாயிறு அதிகாலையில் இறந்துபோனான். வந்தவர்கள் எல்லோரிடமும் அவன் மனைவி அமுதவல்லி "திடீர்னுதான்" என்று மட்டும் சொன்னாள். அலுவலக நண்பர் ஒருவர் கைபேசியில் ஆங்கிலத்தில் இரங்கல் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். "சடன்லின்னு போட்டுடட்டுமாம்மா? அப்பதான் நோயில படுத்துக் கிடக்கலைன்னு புரிஞ்சுக்குவாங்க."

"போடுங்க."

மாடியில் குடியிருக்கும் தயாளனின் அக்கா மங்கையர்க்கரசி சமையலறைக்குள் போனாள். சாவு விழுந்த வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள். இட்லி மாவு வீணாகாமல் பக்கத்து வீட்டுக்காவது போகட்டும் என்று பாத்திரத்தைத் தேடினாள். வாரம் தவறாமல் சனிக்கிழமை சாயங்காலம் அரைக்கும் மாவு இந்நேரம் பொங்கி மேடையில் வழிந்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கிரைண்டர் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமே இல்லை.

திரும்பினால் வாசலில் அமுதவல்லி நின்றாள்.

"நேத்து மாவு அரைக்கலையா?"

"அவர்தான் வேணாம்னார், அண்ணி."

நேற்று இருட்டும் நேரத்தில் தயாளன் மாடிப்படியில் நின்று கத்தியது அக்காவுக்கு இன்னும் கேட்டது. "நாளைக்கு எங்க வீட்டுல இட்லி, கறிக்கொழம்பு. நீ உலை வைக்காத. உன் சமையலுக்கும் ஒருநாள் லீவு கொடு!"

கூடத்திலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். "வெயில் ஏறுது, தூக்கிடலாமா?"

"தூக்கச் சொல்லுங்க, அண்ணி" என்றாள் அமுதவல்லி.

மங்கையர்க்கரசி கூடத்துக்கு வந்து தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பாடையின் மூங்கிலை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். தூக்க வந்தவர்கள் குனிந்தபடியே காத்திருந்தார்கள்.