ஆறெழுத்து

காகிதம் என்னிடம் வந்தபோது அதில் பதினான்கு கைநாட்டு இருந்தது. எல்லாம் என் வயதுப் பெண்களுடையது. படிக்கத் தெரிந்த இளசுகளை ஊர்ப் பெரியவர்கள் கூப்பிடவேயில்லை.

ஊர்க் கணக்கு எழுதும் பிரபாகரன் மை டப்பாவை நீட்டினான்.

"பேனா குடு" என்றேன்.

ஊர்க்கூட்டம் நடந்த வலைக்கூடத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் வடிவேலு எட்டிப் பார்த்தார்.

"த்தோடா, கலெக்டரம்மா கையெழுத்து போடப் போறாங்கோ!" என்றாள் குப்பம்மா.

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது.

காகிதத்தில் இருந்தது ஒரே வரி. பெண்கள் பேருக்குப் பாடு வேண்டாம் என்று ஊர்ப் பெண்களே கேட்டுக்கொள்வதாக.

ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று வருஷம் ஒருமுறை சீட்டுக் குலுக்குவோம். அதுதான் பாடு. சீட்டில் ஆம்பிளைப் பேர் மட்டும்தான் எழுதுவார்கள். அந்த ஆள் செத்து, ஆண்பிள்ளையும் இல்லையென்றால் பாடு ஊருக்குத் திரும்பிவிடும்.

ஆண்பிள்ளை இல்லாத சுபாஷ் செத்து ஏழு மாசம். அவன் பெண்டாட்டி தெய்வநாயகி தன் பேரையே எழுதிப் போடச் சொன்னாள். பத்து வருஷம் அவனோடு படகேறி வலை இழுத்தவள்.

பிரபாகரன் காகிதத்தைப் படித்துக் காட்டவில்லை. மற்றவர்கள் கேட்கவும் இல்லை.

நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். தெரிந்துதான் போட்டேன்.

முப்பது வருஷமாகச் சேற்றுத் தண்ணீரில் குனிந்து இறால் தடவிய கை. பேனாவுக்கு வளையவில்லை. ஆனாலும் ஆறெழுத்தும் விழுந்தன. இருசம்மாள்.

தலைவர் பச்சைமுத்து காகிதத்தை வாங்கித் தெய்வநாயகியிடம் கொடுத்தார்.

"பாத்துக்கோ. பொம்பளைங்களே வேணான்றாங்க. இப்ப இன்னா சொல்ற?"

அவள் கண் மேலிருந்து கீழே இறங்கியது. கடைசியில், என் பேரில் நின்றது.

பிறகு காகிதத்தின் அடியில் மிச்சமிருந்த வெற்றிடத்தைக் கிழித்தாள். தன் பேரை எழுதினாள். மடித்துச் சீட்டுக் குடத்தில் போட்டாள்.

பச்சைமுத்து அதை எடுத்து வீசினார்.

அவள் இன்னொரு துண்டு கிழித்து எழுதிப் போட்டாள். அதையும் வீசினார்.

மூன்றாவது தடவை அவர் கை குடத்துக்குள் போகவில்லை.

வெளியே போகிறவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால் தேவலை.

"நேரா எழுதிட்டக்கா" என்றாள். "கோட்ட விட்டு எறங்கவேயில்ல."

உடைந்த மீன்பெட்டி மூடியில் கரியால் கோடு இழுத்து, ஏரி ஈரம் காயாத கையால் என் விரலைப் பிடித்து, சாயங்காலம் சாயங்காலம் அந்த ஆறெழுத்தையும் எழுத வைத்தவள் அவள்தான்.

அதுவரைக்கும் இந்த ஊரில் எனக்கு வடிவேலு பெண்டாட்டி என்றுதான் பேர்.