இருபத்தாறு இன்ச்

“ஒரு வருஷம் ஓடினாப் போதும் அண்ணாச்சி. அதுக்கு மேல அவளுக்குச் சைக்கிள் தேவைப்படாது.”

குமரகுருபரன் குரலைத் தணித்துத்தான் சொன்னார். ஆனாலும் பெடலைத் துடைத்துக்கொண்டிருந்த ஞானையாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

பாளையங்கோட்டையில் இருபது வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார் ஞானையா. வருகிற தகப்பன்மார் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். ‘வளருத பிள்ளை, பெருசாவே குடுங்க.’ இவர் சொன்ன மாதிரி யாரும் சொன்னதில்லை.

அந்தப் பிள்ளை விஜயஸ்ரீ வாசலில் நின்று, கியர் சைக்கிளின் தடித்த டயரை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரை வயது. கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்த பேண்ட்டே வளர்த்தியைச் சொன்னது. அவள் அம்மா நீலாம்பாள் வயர்கூடையோடு ஓரமாக ஒதுங்கி நின்றாள். கூடையில் மருந்துக்கடைப் பொட்டலம் ஒன்று, செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி இருந்தது.

“அடுத்த மாசம் பாபநாசம் மலைரோட்டுல பந்தயம். சாதா சைக்கிள்ல ஏற முடியாது. இந்த ஆறு மாசத்துல ரெண்டு கப்பு வாங்கிட்டா அண்ணாச்சி” என்றார் குமரகுருபரன். பெருமையாகத் தொடங்கியவர், முடிக்கும்போது பெருமூச்சு விட்டார்.

ஞானையா இரண்டு சைக்கிள்களை வெளியே எடுத்து வைத்தார். சிவப்பு, இருபத்துநாலு இன்ச். கறுப்பு, இருபத்தாறு.

விஜயஸ்ரீ சிவப்பில் ஏறி உட்கார்ந்தாள். “பாருங்க சார், முட்டு ஹேண்டில்ல இடிக்கி” என்றார் ஞானையா. “ மூணு மாசத்துல இது பத்தாமப் போயிரும். பந்தயத்துல ஓட்டுத பிள்ளை கால நீட்டி மிதிக்கணும்லா?”

“மூணு மாசம் கெடச்சாலே பெருசு.”

ஞானையா பிள்ளைக்குக் கேட்காதபடி அருகே நகர்ந்தார். “என்ன சார், இப்படிப் பேசுதீக?”

“எங்க வீட்டு வழி அப்படி. பொம்பளப் பிள்ளைக யாரும் பதிமூணு தாண்டி ஓடியாடுனதில்ல. எங்க அக்கா ஓட்டப் பந்தயத்துல நின்னா, பள்ளிக்கூடத்துல அவளப் பிடிக்க ஆள் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழம பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வந்தாக. அதோட சரி.” அவர் தெருவைப் பார்த்தார். “அந்த நாள் வரைக்கும் இவ இஷ்டத்துக்கு ஓட்டட்டும்னு எங்க அப்பாகிட்டச் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கியிருக்கேன். அது என்னைக்கு வரும்னு யாருக்குத் தெரியும்?”

ஞானையாவின் பார்வை தன்னை அறியாமல் கடை மச்சுக்குப் போனது. அங்கே ஒரு நீலச் சைக்கிள் தொங்கியது. போன வருஷம், தொண்ணூற்றைந்தில், ஒரு பையனுக்காக வாங்கிப் போனார்கள். நாலாவது மாசம் அவன் தகப்பனார் அதை உருட்டிக்கொண்டு வந்து, ‘இனி இத ஓட்ட ஆள் இல்ல’ என்று நிறுத்திவிட்டுப் போனார். புது டயரில் இருக்கும் ரப்பர் முடிகள் பாதிகூடத் தேயவில்லை. ஞானையா அதை யாருக்கும் விற்கவில்லை.

“மாமா, கறுப்ப ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டா?”

“ஓட்டும்மா. பைய...” என்று சைக்கிளை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் பையப் போகவில்லை. பெருவிரல் மட்டும் தரையில் பட, ஒரே எம்பில் ஏறிக் கோயில் முக்குவரை பறந்து திரும்பினாள். வந்து இறங்கியவளின் முகம் வெளுத்திருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

நீலாம்பாள் ஓடிப்போய்த் தோளைத் தாங்கினாள். “ஏட்டி, முடியுதா?”

“முடியும்மா. இன்னொரு சுத்து.”

மறுபடி போய்விட்டாள். ஞானையாவால் அந்தத் திசையைப் பார்க்க முடியவில்லை. ஸ்பேனரை எடுத்துச் சிவப்புச் சைக்கிளின் சீட்டை உயர்த்தத் தொடங்கினார். இருக்கிற காலமாவது முட்டு இடிக்காமல் ஓட்டட்டும்.

“சரி சார். சின்னதையே கொண்டு போங்க.”

“அண்ணாச்சி, அத வைங்க.”

கடைக்கு வந்ததிலிருந்து நீலாம்பாள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. “கறுப்பே குடுங்க.”

குமரகுருபரனுக்குச் சுருக்கென்றது. “நீலா, எல்லாந் தெரிஞ்சும் பேசுதியே. நாளைக்கே அந்த நாள் வந்துட்டா, இவ்வளவு பெரிய சைக்கிள் வீட்டுல துருப்பிடிச்சுக் கெடக்கும். பாக்கப் பாக்க அவளுக்குத்தான் வேதனை.”

நீலாம்பாள் தெருவைப் பார்த்தாள். கோயில் முக்கில் கறுப்புச் சைக்கிள் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. கூடையிலிருந்த பொட்டலத்தை முந்தானையால் மூடினாள். பிறகு கணவனை நேராகப் பார்த்தாள்.

“அவ பெரிய மனுஷியாகி எட்டு மாசம் ஆச்சுங்க. அந்த ரெண்டு கப்பும் அதுக்கப்புறம் வாங்குனதுதான்.”