தெற்கு மிதவை

“எட்டாவதோட நின்னவளுக்கு, கடல்ல வழி காட்டற மிதவை விளக்கைப் பத்தி என்னடி தெரியும்?” என்று அண்ணன் ஒருமுறை கேட்டான்.

இன்று அவன் படிக்கும் படகு உரிம வகுப்பிலேயே போய் நின்றேன்.

“எனக்கும் இடம் வேணும், சார்.”

முன் பெஞ்சிலிருந்த அண்ணன் பல்லைக் கடித்தான். “மானத்தை வாங்காதே. வீட்டுக்குப் போ.”

“போக மாட்டேன்.”

ஆசிரியர் ஒரு நோட்டைத் தூக்கிக் காட்டினார். “நேத்து உங்க அண்ணன் எழுதிக் கொடுத்தது. மிதவைகளைப் பத்தி இப்படி எழுதத் தெரிஞ்சா உன்னையும் சேர்த்துக்கறேன்.”

“ஆறாம் பக்கத்தைச் சத்தமாப் படிங்க, சார்.”

அவர் படித்தார்.

“கிழக்கு மிதவை விளக்கு மூணு தடவை மின்னும். மேற்கு, ஒன்பது தடவை. வடக்கு, அம்மா மாதிரி. ஆரம்பிச்சா நிறுத்தவே நிறுத்தாது.”

வகுப்பே சிரித்தது.

“தெற்கு, அண்ணன் மாதிரி; ஆறு தடவை படபடன்னு கத்திட்டு, கடைசியா நீளமா ஒரு பெருமூச்சு விடும்.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

“ஏம்ப்பா, வீட்டுக்கு நீதானே மூத்தவன்? உனக்கு ஏது அண்ணன்?”

“என் பெட்டியைத் திறந்து காப்பியடிச்சவன், அந்த ஒரு வார்த்தையை மாத்த மறந்துட்டான், சார்” என்றேன்.

ஆசிரியர் பதிவேட்டைத் திறந்தார். “உன் பேரைச் சொல்லும்மா.”

அண்ணன் எழுந்து, ஒரு தடவையும் கத்தாமல் வெளியே போனான். பெருமூச்சுகூட விடவில்லை.